முதல் வரியிலேயே செத்துப்போன அப்பா

யாருடைய வண்டி எந்த ரோட்டில் படுத்துக்கொண்டாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். நடுவழியில் நின்றுபோன லாரி, சாக்கடைக்குள் சக்கரம் விட்ட கார், மண்ணில் புதைந்த டிராக்டர், எதுவானாலும் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதனால் கொக்கிக்காரர் என்பதே பேராகி, பெற்றவர்கள் வைத்த பேர் வங்கிக் கணக்கில் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆள் ஆறடி. குரல் ஏழடி. தெருமுனையில் இருமினால் வீட்டில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை அவர் பெற்ற மகளே கொன்றுவிட்டாள்.

கத்தி எடுத்து இல்லை, கதை எழுதி. கல்லூரி முடித்த கையோடு அவள் இளவட்டங்களுக்காக ஒரு நாவல் எழுதினாள். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி தட்டுத்தடுமாறிப் பெரியவளாகிற கதை. புத்தகம் அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று கொக்கிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பட்டறைக்குக் கொண்டுபோனார். இருந்த வேலையையெல்லாம் நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் டயர்களின் மேல் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஊருக்கே கேட்கிற குரலில் முதல் வரியைப் படித்தார்.

"அப்பா செத்துப்போன வருஷம்தான் எனக்கு உலகம் புரிய ஆரம்பித்தது."

மெக்கானிக்தான் முதலில் வாயைத் திறந்தார். இருவரும் ஒரே வண்டியில் கிளீனராக இருந்து வளர்ந்தவர்கள், கூச்சநாச்சம் கிடையாது.

"எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். டீக்கடையில் "பெரியவர் ஆத்மாவுக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மியா" என்றார்கள். பெட்ரோல் பங்கில் டீசல் பிடிக்கிற பையன் அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். கொக்கிக்காரர் எல்லாவற்றுக்கும் சிரித்துவைத்தார். உள்ளே மட்டும் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. அதுவும் முதல் வரியிலேயேவா?

பிறகெங்காவது தன்னைப் பற்றி நாலு வார்த்தை இருக்கும் என்று வண்டிக்குள் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் படித்தார். அம்மாவுக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. கணக்கு வாத்தியாரின் மீசைக்கு அரைப்பக்கம். பக்கத்து வீட்டு நொண்டி நாய்க்குக் கோபம், ரோஷம், கொள்கை எல்லாம் இருந்தது. அப்பாவுக்கு? சுவரில் ஒரு போட்டோ. அதுவும் ஆணி சரியாக அடிக்காமல் கோணலாகத் தொங்கியது. பின்னட்டையில் வேறு, 'துணையின்றி வளர்வதே இந்நாவலின் கரு' என்று எவனோ ஒருவன் எழுதியிருந்தான்.

துணையின்றியா! கொக்கிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. சைக்கிள் செயின் கழன்றது என்று அவள் போன் செய்தபோது, லாரி இழுக்கிற வண்டியைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? சுற்றுலா போன இடத்தில் அவள் கூட்டத்தைத் தவறவிட்டபோது, டீச்சருக்குத் தெரிவதற்கு முன்னால் அங்கே போய் நின்றது யார்? இத்தனையும் செய்தவனுக்கு ஒரு கோணல் ஆணியா?

சாப்பாட்டு மேசையில் சுற்றிவளைத்துத்தான் ஆரம்பித்தார்.

"அந்த நாய் நல்லா இருந்துச்சும்மா. உயிரோட இருக்கு, கடைசிவரைக்கும்."

மகளுக்குப் புரிந்துவிட்டது. தட்டைத் தள்ளிவைத்தாள். "கேளுங்கப்பா."

"நான் என்ன குத்தம் பண்ணினேன்?" ஏழடிக் குரல் ஒரு சாணாகச் சுருங்கியிருந்தது. "உனக்கு நான் அவ்வளவு பாரமாவா இருந்தேன்?"

"ஐயோ, அப்பா! முதல்ல எழுதினப்ப நீங்க உயிரோடதான் இருந்தீங்க. ரெண்டாவது அத்தியாயத்துல அவ வழி தெரியாம மாட்டிக்கறா. நீங்க வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிட்டீங்க. மூணாவதுல ஒருத்தன் அவளை ஏமாத்தப் பாக்கறான். வந்துட்டீங்க. நாலாவதுலயும் வந்துட்டீங்க. அவ வளரவே மாட்டேங்கறா. நான் என்ன பண்றது?"

"வெளியூருக்கு அனுப்பியிருக்கலாம்ல?"

"அனுப்பிப் பாத்தேன். மறுநாளே திரும்பி வந்துட்டீங்க."

"படுத்த படுக்கையா போட்டிருக்கலாம்."

"போட்டேன். எந்திரிச்சு வந்துட்டீங்கப்பா!"

அடுப்பங்கரையிலிருந்து அவர் மனைவி சிரித்த சிரிப்பில் பாத்திரம் நழுவியது. "உண்மையிலேயே அப்படித்தானே! நானே பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனப்ப பின்னாடியே வந்து நின்ன ஆளு."

கொக்கிக்காரர் மோவாயைச் சொறிந்தார். பாதி மனசுக்குப் பெருமையாக இருந்தது. தன்னை நிறுத்த எமனைத் தவிர வேறு ஆளில்லை என்று எழுத்தாளரே சொல்கிறார் அல்லவா. மீதி மனசு வலித்தது. அதைப் பார்த்து மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த குண்டைப் போடவும் அதுதான் சமயம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"திங்கக்கிழமை எனக்கு இன்டர்வியூ. சிட்டில, பத்திரிகை ஆபீஸ்ல. கிடைச்சா அங்கேயே ரூம் எடுத்துத் தங்கணும். நான் தனியாப் போறேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கதையில இருக்கற மாதிரி இருங்கப்பா."

"எப்படி?"

"செத்துருங்க."

"வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு?" என்று அம்மா கரண்டியோடு பாய்ந்தாள். கொக்கிக்காரர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"சரி, செத்தேன் போ," என்று வாக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மகள் காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். கொக்கிக்காரர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். "செத்தவங்க இப்படி அலைய மாட்டாங்க. ஒரு இடத்துல கிடங்க," என்றாள் மனைவி. கிடந்தார். போன் அடித்தது. துள்ளி எழுந்தார்.

பஸ் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கல் குவாரியைத் தாண்டின வளைவில் காலை பஸ் நின்றுபோய்விட்டதாம். வந்து இழுத்துப் போக வேண்டுமாம்.

மகள் போன பஸ். அவளிடமிருந்து ஒரு போனும் இல்லை.

"நானாப் போகல," என்றார் மனைவியிடம், சாவியைத் தேடிக்கொண்டே. "தொழில் கூப்பிடுது."

"தெய்வமே," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வண்டியை எடுத்த பிறகுதான் யோசனை வந்தது. இப்போது போய் இறங்கினால் அவள் முகம் எப்படி ஆகும்? போகாவிட்டால் இன்டர்வியூ என்ன ஆகும்? ரெண்டுங்கெட்டான் நிலைமை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கொக்கிக்காரர் மெதுவாக வண்டி ஓட்டினார். ஒரு சைக்கிள்காரன் அவரை முந்திப்போய், நம்பமுடியாமல் திரும்பிப் பார்த்தான்.

வளைவுக்கு முன்னால் ஒரு விளம்பரப் பலகை இருந்தது. அதன் பின்னால் வண்டியை விட்டு, தலைமேல் சுற்றுகிற மஞ்சள் விளக்கை அணைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். பலகைக்கு இந்தப்பக்கம் வண்டியின் மூக்கும் அந்தப்பக்கம் கொக்கியும் நீட்டிக்கொண்டிருந்தன. நல்லவேளை, யாரும் இந்தப்பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நடுரோட்டில் நின்று கையை நீட்டி ஒரு வேனை மறித்தாள். டிரைவர் முடியாது என்று தலையாட்டினான். அவள் நகரவில்லை. என்ன பேசினாளோ, அவன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தான். கைக்குழந்தைக்காரியை முதலில் ஏற்றினாள். பிறகு வயசானவர்களை. அவளுக்குக் கால் வைக்க இடமிருக்குமா என்று கொக்கிக்காரர் தவித்தார். கை தானாகப் போய் வண்டிச் சாவியைத் தொட்டது. மற்றொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக அவளும் ஏறினாள். கதவு சாத்தி, வேன் கண்ணுக்கு மறைகிறவரை அவர் பிடித்த கையை விடவில்லை.

அப்புறம்தான் விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ்ஸருகே போனார். கண்டக்டர் எரிந்து விழுந்தான்.

"என்னண்ணே, இவ்வளவு நேரமா? நீங்க பறந்து வருவீங்கன்னு சொன்னாங்க!"

"வர்ற வழியில கொஞ்சம் வேலை."

"நல்லவேளை, ஒரு பொண்ணு இருந்துச்சு. என்னையே ரெண்டு அதட்டு அதட்டி, வேனை நிறுத்தி, எல்லாரையும் ஏத்திவிட்டுட்டு அப்புறம்தான் அது ஏறுச்சு. அப்பன் இல்லாம வளந்த பொண்ணா இருக்கும்ணே. இல்லாட்டி இந்த வயசுல இவ்வளவு துணிச்சல் ஏது?"

கொக்கிக்காரருக்கு, நான்தான்டா அப்பன் என்று ஏழடிக் குரலில் கத்த வேண்டும்போல வாய் துறுதுறுத்தது. ஆனால் பொழுது இன்னும் சாயவில்லை, வாக்கு வாக்குத்தான்.

"ஆமாப்பா," என்றார். "அந்த வேனை மறிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அதை நீங்க எங்கண்ணே பாத்தீங்க?"

அவர் பதில் சொல்லாமல் சட்டென்று குனிந்து பஸ்ஸுக்கு அடியில் நுழைந்துகொண்டார். அன்றைக்குக் கொக்கியை மாட்டிவிட்டு வெளியே வர அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.