குளக்கரையில் தூரக்கண்ணாடி

இன்று காலை மாரித் தாராக்கள், மழைக்காலத்துக்கு வரும் அந்த வாத்துகள், என் கூரைக்கு மேலால் சிறகு விசிறிப் போயின. அந்தச் சத்தத்தில் நான் மறுபடி கப்பல்துறைக் குளக்கரையில் அப்பாவின் பக்கத்தில் நின்றேன்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன தூரக்கண்ணாடியால் அப்பா மாரிதோறும் அவற்றைப் பார்ப்பார். "அண்ணை, தாராவையோ பாக்கிறியள், குளிக்கிற பொம்பிளையளையோ?" என்று பக்கத்து வீட்டு மரியான் நக்கலடிப்பார்.

தமிழர் வீடுகளை எரிக்கிற கலவரக் கதை பரவிய வருடம், புதிதாகக் காவலுக்கு வந்த சிப்பாய் ஒருவன் அப்பாவை மறித்தான்.

"என்ன பாக்கிறது?"

"தாரா, சேர். மாரிக்கு வாறது."

அவன் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தான். குளம் நிறையத் தாரா மிதந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீடுகளை ஒவ்வொன்றாக, வாசல் வாசலாகப் பார்த்தான். பிறகு அப்பாவின் தோளில் தட்டிச் சிரித்தான்.

"நல்லாத் தெரியுது."

கண்ணாடியை அவன் திருப்பித் தரவில்லை; அப்பாவும் கேட்கவில்லை. அந்த மாரி முழுவதும் அம்மா பகலிலும் வாசற்கதவைச் சாத்தியே வைத்திருந்தார்.