மல்லிகாவுக்கு முன்னால் ஒரு புள்ளி

வெப்சைட் செய்ய ‘டெம்ப்ளேட் மொழி’ என்று ஒன்று இருப்பதே போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம், மெடிக்கல் ஷாப் மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கிறாள் என் தங்கை கல்பனா.

“அந்த மொழிய எந்த ஊர்ல பேசறாங்க?” என்று கேட்டேன்.

“கிண்டல் பண்ணாதண்ணா. கல்யாணப் பத்திரிகைக்குப் பிரஸ்ல ஒரு மாதிரி வெச்சிக்கினு பேரை மட்டும் மாத்துவாங்க இல்ல? அதுபோல எந்த எடத்துல எது வரணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற மொழி இது.”

அதில் பல வகையாம். சில மொழிகள் கேள்வி கேட்கும் – ‘இருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு’. சில கேட்காது, கொடுத்ததை அப்படியே போடும். கல்பனா தேர்ந்தெடுத்தது கேட்காத வகை. சுலபமாம். நமக்கும் கேள்வி கேட்காதவர்களைத்தானே பிடிக்கிறது?

திருப்புலிவனம் பக்கத்தில் நாட்டு விதை விற்கும் மகளிர் குழுவுக்கு வெப்சைட். பன்னிரண்டு பேர். ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழேயும் இனிஷியல், புள்ளி, பெயர். குழுவிலிருந்து மல்லிகா பார்க்க வந்தார். ஸ்கிரீனில் விரலை வைத்தார்.

“இன்னாம்மா இது... எம்பேருக்கு முன்னால ஒரு புள்ளி கீது?”

அவருக்கு இனிஷியல் இல்லை. புள்ளி மட்டும் தனியாக நின்றது.

“ஒரு எழுத்து சொல்லுங்கக்கா, போட்டுடறேன். வூட்டுக்காரர் பேரு?”

“வுட்டுட்டுப் போயி ஆறு வருசம் ஆவுது. அவன் எழுத்த நான் இன்னாத்துக்குத் தூக்கிக்கினு திரியணும்?”

“அப்பா பேரு?”

“பாத்ததே இல்ல.” ஸ்கிரீனிலிருந்து விரலை எடுத்தார். “பேஜாரா இருந்தா பேரை எடுத்துடும்மா. போட்டோ மட்டும் இருக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. இதற்கு முன் எத்தனை படிவங்களில் இப்படி விட்டுக்கொடுத்திருப்பார்?

“இவங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு பண்ணிடேன்” என்றேன்.

கல்பனா முறைத்தாள். “தனியா எதுக்கு? நாளைக்கே இனிஷியல் இல்லாதவங்க இன்னொருத்தர் வர மாட்டாங்களா?”

மொழியையே மாற்றினாள். பன்னிரண்டு பேருக்கும் முதலிலிருந்து வேலை. இனிஷியல் இருந்தால் போடு. இல்லாவிட்டால் புள்ளியும் வேண்டாம் – இந்த ஒரு வரிக்காக ஒரு நாள் முழுக்கப் போனது!

மல்லிகா தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். “ஆங்... இப்பதான் நான் கீறேன்.”

மறுநாள் அதே குழுவிலிருந்து இன்னொரு பெண் போன் செய்தார்.

“எம்பேருல கீற எழுத்தையும் தூக்கிடும்மா.”

“உங்க வூட்டுக்காரர் இருக்காரேக்கா?”

“கீறாரு. அதான் கேக்கறேன்.”

‘இருந்தால்’, ‘இல்லாவிட்டால்’ இரண்டும் தெரிந்த மொழிதான். ‘இருந்தும் வேண்டாம்’ என்பது அதற்குத் தெரியாதாம்!