பின்பாரம்

அன்று ஜீப்பில் இருந்தது மூன்று பேர். ஓட்டியது அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். அவர் பக்கத்தில் அப்பா. பின்சீட்டில் நான். அக்கா வரவில்லை. ஏழு மாதக் கர்ப்பமாக இருந்ததால் அவளுக்குத் துணையாக அம்மாவும் அத்தான் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவர்கள் இருவரில் ஒருத்தி அங்கே இருந்திருந்தாலும் அப்பா கையை ஓங்கியிருக்க மாட்டார் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜீப், அத்தான் ராணுவ ஏலத்தில் எடுத்தது. அதன் பின்புறம் கை பருமனில் ஓர் இரும்புக் கொக்கி. அதில் மாட்டி இழுக்க இரண்டு சக்கரத்தில் ஒரு குட்டி டிரெய்லரும் சேர்ந்தே வந்தது. மேலநீலிதநல்லூர் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் சங்கரன்கோவில் கமிஷன் கடைக்கு மூட்டை போட அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்கு நிலம் கிடையாது. ‘அவர் வண்டியில ஏத்துனா ஒரு மணி சிந்தாது’ என்ற பேர் ஒன்றுதான் சொத்து.

அன்றைக்கு ஏற்றியது எங்கள் வீட்டு உளுந்து. ஆறு மூட்டை. அப்பா நடுவில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். மூட்டைகள் எல்லாம் டிரெய்லரின் கடைசிப் பலகையை ஒட்டிப் போய் உட்கார்ந்தன.

“மாமா, முன்பக்கம் ரெண்டு மூட்டைய இழுத்துப் போடுவோம். கொக்கி மேல கொஞ்சம் பாரம் உக்காரணும்” என்றார் அத்தான்.

அப்பா சிரித்தார். “முப்பது வருசமா வண்டி அடிக்கேன் மாப்ளே. முன்பாரம் வச்சா மாட்டுக் கழுத்து புண்ணாப் போவும். பின்பாரம் வச்சாத்தான் நுகத்தடி பூ மாதிரி கிடக்கும்.”

“இது மாடு இல்லையே மாமா.”

“ஜீப்புக்கு மட்டும் இடுப்பு வலிக்காதாக்கும். அதுவும் கெழட்டு ஜீப்பு.” என் பக்கம் திரும்பினார். “ஏலே, காலேஜு என்ன சொல்லுது?”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். அத்தான் சொல்வதுதான் சரி, பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் தூக்கும், கொக்கி தாங்காது என்றேன்.

“ஒம் பொஸ்தகத்துல மாடு இருக்காலே?”

மூட்டை தூக்கியவர்கள் சிரித்தார்கள். மாமனார் வைத்த மூட்டையை மருமகன் இடம் மாற்றுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அத்தான் கொக்கியை மாட்டி, அதன் வாயை மூடும் நாக்கைப் பூட்டி, ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. ஓடைப் பாலத்துக்கு இறங்கும் சரிவில்தான் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் லேசாக. அப்புறம் ஜீப்பின் பின்புறத்தையே பிடித்து இடமும் வலமும் அடித்தது. அத்தான் பிரேக்கைத் தொட்டதும் ஆட்டம் கூடியது. என் முதுகுக்குப் பின்னால் இரும்பு தெறிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கும்போது கொக்கியின் நாக்கு உடைந்து, டிரெய்லர் தனியாக ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு மாட்டு வண்டி மேடு ஏறி வந்தது. டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு ஏர்க்கால் வலத்து மாட்டின் விலாவில் ஈட்டி போல இறங்கியது. அந்த மாடு கத்தவில்லை. முன்னங்கால்கள் மடிந்து, வாயால் ரத்தம் கக்கி, நுகத்தோடு சரிந்தது. மற்ற மாடு கழுத்தைத் திருகிக்கொண்டு அலறியது. வண்டிக்காரர் தூக்கி எறியப்பட்டுக் கல்லில் முகம் அடித்து விழுந்தார். வாயிலிருந்து இரண்டு பற்களைத் துப்பினார். உளுந்து ரோடு முழுக்கச் சிதறி ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

அத்தான் நிற்காமல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். நிறுத்திவிட்டு மாட்டை நோக்கி ஓடினார்.

பாலத்துக்குப் பக்கத்திலேயே களம். சோளம் அடித்துக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர், கையில் இருந்த கம்போடு வந்தார்கள். முதல் அடி அத்தானின் முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. அவர் மண்டியிட்டதும் ஒருவன் தலைமுடியைப் பிடித்துத் தார் ரோட்டில் முகத்தைத் தேய்த்தான்.

“குடிச்சிருக்கானான்னு மோந்து பாருல.”

“என்னத்த மோந்து பாக்க? கைய ஒடிங்க. இனி ஸ்டேரிங்கையே புடிக்கப்பிடாது.”

இரண்டு பேர் அவர் வலது கையை நீட்டிப் பிடிக்க, மூன்றாவது ஆள் மைல் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த பாறாங்கல்லைத் தூக்கினான். நான் குறுக்கே விழுந்தேன். அடிவயிற்றில் ஒரு உதை. மூச்சு அடைத்து, சுருண்டு கிடந்தபடிதான் அதற்குப் பின் நடந்ததைப் பார்த்தேன்.

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கீழே கிடந்த வண்டிக்காரரின் சாட்டைக்கம்பை எடுத்துத் திருப்பிப் பிடித்தார். “தள்ளுங்கடா. எம் மருமவன், என் வீட்டு ஆள நான் அடிக்கேன்” என்று சொல்லி, அத்தானின் முதுகில் போட்டார். கம்பு முறிந்தது. கையால் அறைந்தார். கன்னத்தில் ஆரம்பித்தது காதில் போய் விழுந்தது. “ஏலே” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ‘மாப்ளே’ தவிர வேறு எதுவும் சொல்லி அழைக்காத மனிதர்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை உண்டு. தப்பு செய்தவனை அவன் வீட்டுப் பெரியவரே முந்திக்கொண்டு அடித்துவிட்டால், ஊரார் கை ஓங்க மாட்டார்கள். ஆனால் அது பொய்யடியாக இருக்கக்கூடாது. பார்க்கிறவனுக்கே போதும் என்று படவேண்டும். அப்பாவின் அடியில் பொய் இல்லை. அத்தானின் காதிலிருந்து ரத்தம் வடிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது.

பொய் அவர் வாயில்தான் இருந்தது. “முன்பாரம் வையின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா, கேட்டியாலே? பின்பாரம் வச்சு ஒரு சீவனக் கொன்னுட்டியே.”

அது பொய் என்று தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் மூன்று பேர்தான். அத்தான் அப்பாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

கல்லைத் தூக்கியவன் கீழே போட்டான். களத்துப் பெரியவர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்தார். “போதும் வே. மக தாலிய அறுத்துறாதீரும்.”

மாட்டு விலையை டிரைவர் கொடுக்கவேண்டும் என்று பேசி முடித்தார்கள். வீங்கிய ஒற்றைக் கண்ணோடு அத்தானே ஜீப்பை ஓட்டி சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். அக்காவின் சங்கிலி அடகுக்குப் போய், மாட்டு விலை கொடுபட்டது.

அதன் பிறகு அத்தானைத் தேடி மூட்டை வரவில்லை. பாரம் ஏற்றத் தெரியாதவன் என்று சந்தை வரை பேச்சுப் போயிருந்தது. டீக்கடையில் ஒருவன் என் காதுபடவே அத்தானிடம், “அண்ணாச்சி, மூட்டைய எங்கன வைக்கணும்னு ஒம்ம மாமனார்ட்ட கேட்டுட்டு வாரும், ஏத்துதேன்” என்றான்.

தலைப்பிரசவத்துக்கு அக்காவை அழைக்க அப்பா அத்தான் வீட்டுக்குப் போனார். அத்தான் நாற்காலி எடுத்துப் போட்டார். நல்ல காதை அப்பா பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

“அடிச்சதுல எனக்கு வருத்தமில்ல மாமா. நீங்க அடிக்கலேன்னா எங் கையி இல்ல. அந்தப் பேச்ச ஏன் பேசுனீங்க?”

“அந்நேரத்துக்கு வாயில வந்துட்டு மாப்ளே.”

“எம் பேருல்லா போச்சு.”

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னாள்: “எங்கன வச்சுச் சொன்னீங்களோ அங்கனயே போய் மாத்திச் சொல்லிட்டு வாங்கப்பா. அப்புறம் வாரேன். இல்லேன்னா பிள்ள இங்கனயே பிறக்கட்டும்.”

மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் களத்துக்குப் போனார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதே ஆட்கள் முன்னால், பாரம் வைத்தது நான்தான், என் மருமகன் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றார்.

வண்டிக்காரர் எழுந்து வந்து அப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். வைதார்; பல் போன இடத்தில் வார்த்தை காற்றாகப் போனது. மறுபடி அறைந்தார். அப்பாவின் உதடு கிழிந்தது. நான் பாய்ந்தேன்.

“நில்லுல” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே. “இன்னும் அடிக்கணும்னா அடிச்சுக்கோரும்.”

மூன்றாவது அடி விழவில்லை. களத்தில் பொய் சொன்னதற்குக் கோயிலுக்கு அபராதம், மாட்டு விலை மருமகனுக்கு உள்ளது இல்லை, பாரம் வைத்தவருக்கு உள்ளது என்று தீர்த்தார்கள். அப்பா தன் மாட்டு வண்டியை விற்றார். மாட்டு விலையையும் ஆஸ்பத்திரிச் செலவையும் அத்தான் கையில் எண்ணி வைத்தார். மறுநாள் அத்தானே ஜீப்பில் அக்காவைக் கொண்டுவந்து விட்டார்.

மாட்டுக்கு ஆயிரத்து அறுநூறு, கோயிலுக்கு நூற்றியொன்று, காதுக்கு முந்நூற்று எண்பது. ஆகக் கூடி இரண்டாயிரத்து எண்பத்தோரு ரூபாய்.