ஆணி மாட்டின் கழுத்து

குக் மல்சுன், சியோல் மாஜாங்தோங் இறைச்சிக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் குடலும் ஈரலும் இதயமும் பிரித்தவள். அறுபட்ட மாடுகளின் பதிவேடு என் பொறுப்பு. அந்த ஆண்டுகளில் இருபத்து மூன்று மாடுகளுக்கு ‘இதயப் பையில் நீர்’ என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் தீவனத்தோடு ஆணியோ கம்பியோ விழுங்கியவை. அது வயிற்றைத் துளைத்து இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ஏறிவிடும்; பையில் நீர் கோத்து இதயத்தை நெரிக்கும். ‘ஆணி மாடு’ என்போம். மாடு நிற்கும்போதே கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருக்கும். அதைப் பார்த்தே, அறுக்கும் முன்பே, இருபத்தொன்றைச் சரியாகச் சொன்னவள் மல்சுன்.

1974 செப்டம்பர் 27, வெள்ளி, காலை 10.40. சூசோக் பண்டிகைக்கு மூன்று நாள். குடல் வியாபாரி பியோன், சரக்கு தாமதம் என்று மல்சுனின் கொண்டையைப் பிடித்து இழுத்து, குடல் கழுவிய வாளியை அவள் தலையில் கவிழ்த்தான்.

“குளிச்சுக்கோடி, நாத்தம் புடிச்சவளே!”

அவள் தம்பி டால்சு பாய்ந்தான். பியோன் இரும்புக் கொக்கியால் அவன் மூக்கை உடைத்தான். டால்சு எலும்பு நீக்கும் கத்தியை அவன் இடது மார்பில் இறக்கி உருவினான்.

காயம் கட்டை விரல் நக அகலம். ரத்தம் ஒரு கரண்டி. எங்கள் கூடத்தில் குத்தின் ஆழத்தைத் தரையில் விழும் ரத்தத்தை வைத்துத்தான் அளப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

“கோழி கூட இதவிட அதிகமா விடும்டா!”

பியோனும் சிரித்து, டால்சுவின் விலாவில் இரண்டு உதை விட்டான். மூன்றாவதற்குக் காலைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உதடு சாம்பலானது. வியர்த்துக் கொட்டியது.

மல்சுன் குனிந்து அவன் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

“ஆணி மாடு! ரத்தம் வெளிய வரல, பைக்குள்ள ரொம்புது. தூக்குங்கடா, சிரிச்சது போதும்!”

குடல் வண்டியிலேயே தள்ளிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். எழுபது.

“சின்னக் காயம்தாம்மா. குடிச்சிருக்கானா?”

மல்சுன் அவர் சட்டையைப் பற்றினாள். “கழுத்தப் பாருய்யா! இவன் செத்தா என் தம்பிக்குத் தூக்கு!”

அவர் பியோனின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். முகம் மாறியது. “துடிப்பு எங்கயோ தூரத்துல கேக்குது… பெரிய ஊசி எடுங்க!”

நெஞ்செலும்பின் அடியில் நீண்ட ஊசி ஏறியது. கறுத்த ரத்தம் அறுபது மில்லி. பியோனின் கழுத்து நரம்பு வடிந்தது. அழுத்தம் தொண்ணூற்றைந்து. உடனே நெஞ்சைப் பிளந்து இதயத்தில் இரண்டு தையல் போட்டார்கள்.

டால்சுவுக்குத் தூக்கு இல்லை, நான்கு ஆண்டு சிறை.

அடுத்த ஆண்டு ஜனவரி 14 அன்று பியோன் கூடத்துக்கு வந்தான்.

“என்னையும் மாட்டோட சேத்துட்டியாமே?”

“மாடு எவ்வளவோ மேல். உன்னைக் காப்பாத்துனது என் தம்பிக்காக.” ஈரக் குடலைச் சுழற்றி அவன் கன்னத்தில் அறைந்தாள். “இது வாளித் தண்ணிக்கு. அவன் மூக்குக்கு இன்னொண்ணு இருக்கு.”

பியோன் நகரவில்லை. அதையும் வாங்கிக்கொண்டுதான் போனான்.