மூடிமேல் ஒட்டிய ஸ்டிக்கர்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய லேப்டாப்புகளை வாங்கி, துடைத்து, லினக்ஸ் ஏற்றி விற்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாங்க வருகிற எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: “வெளிய பார்த்து மயங்காதீங்க. டெர்மினலைத் திறந்து uname -m னு அடிங்க. உள்ள எந்த வகை சிப்புன்னு மெஷினே சொல்லிடும்.”

சுக்குக் கிடங்கில் வேலை பார்த்த ஒரு சேச்சியும் இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கிப் போனார். கிடங்குத் தூசியில் அவருக்கு மூச்சு இழுத்தது. வீட்டிலிருந்தே டைப் அடிக்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். தேர்வு காலை பதினொரு மணிக்கு, ஒரே ஒரு வாய்ப்பு. அன்று பத்தரைக்கு லேப்டாப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினார். தேர்வுக்கான மென்பொருள் ஏறவே இல்லையாம்.

“ரெண்டே நிமிஷம் சேச்சி” என்றேன். தேர்வுப் பக்கத்தில் சிப் வகைக்கு ஒன்றாக இரண்டு கோப்புகள் இருந்தன. மூடியில் பிரபலமான சிப் கம்பெனியின் ஸ்டிக்கர் மினுங்கியது. அப்புறம் என்ன சந்தேகம்? அந்தக் கம்பெனி சிப்புக்கான, x86_64 என்று இருந்ததை இறக்கினேன். பொருந்தவில்லை என்றது. கோப்பு கெட்டிருக்கும் என்று மறுபடி இறக்கினேன். மறுபடியும் அதே பதில். நெட்டைத் திட்டினேன், தேர்வு வைக்கிறவர்களைத் திட்டினேன். மணி பத்து ஐம்பது.

“சேட்டா, நீங்க பறஞ்சு தந்ததை ஒருக்கா அடிச்சுப் பார்த்தா என்ன?”

“அதான் ஸ்டிக்கரே சொல்லுதே சேச்சி!”

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, நான் வாயை மூடுவதற்குள் அடித்து முடித்தார். aarch64 என்று வந்தது. ஃபோன்களில் இருக்கிற ஆர்ம் வகை சிப். அந்த ஸ்டிக்கரை ஒட்டியதே நான்தான். ஒரு சுருள் வாங்கி வைத்து, கீறல் விழுந்த மூடிகளில் எல்லாம் ஒட்டுவது என் வழக்கம். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

இரண்டாவது கோப்பு ஒரே தடவையில் ஏறியது. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. என் மேசையிலேயே உட்கார்ந்து தேர்வு எழுதினார். நான் வாசலில் நின்று, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

வேலை கிடைத்துவிட்டது. இடக்கொச்சியிலிருந்தும் தேவராவிலிருந்தும் தெரிந்தவர்களை இப்போது என்னிடம் அனுப்புகிறார். நான் பாடத்தை ஆரம்பித்தால் யாரும் காது கொடுப்பதில்லை. லேப்டாப்பைத் திறந்ததும் uname -m அடித்துப் பார்க்கிறார்கள். பிறகு மூடியைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

“ஸ்டிக்கர் நீங்க ஒட்டினதான்னு சேச்சி கேக்கச் சொன்னாங்க.”