சாகாத மூத்த மருமகள்

எங்கள் தறிக்கூடத்தில் ஆறு தறி. ஆரணியில் அது பெரிய கூடமும் இல்லை, சின்னதும் இல்லை. மதியம் சாப்பிட உட்காரும்போது முந்தின நாள் சீரியலை என் போனில் போட்டு, சோற்று டப்பாவில் சாய்த்து வைப்பேன். ஆறு பேரும் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம்.

அந்தச் சீரியலில் ஒரு மூத்த மருமகள். கட்டினவன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து நடுவீட்டில் நிறுத்துகிறான். மாமியார் வாயே திறக்கவில்லை. இவள் போய் ஏரியில் இறங்கி உயிரை விட்டுவிட்டாள். அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

“வேற இன்னா பண்ணுவா?” என்றேன் நான். “அம்மா வூடும் இல்ல. எங்க போவா?”

எதிர்த் தறியில் நெய்கிற அண்ணன், தினமும் பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், தலையாட்டினார். “செத்தாதான் அவனுக்கு உறைக்கும். பாரு, இனிமே அழுதுகினே கெடப்பான்.”

“யாரு, அவனா?” என்றாள் பக்கத்துத் தறிக்காரி. “அடுத்த மாசமே தாலி கட்டுவான் பாருங்க.”

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. “அவ சாவல.”

பாவு பிணைக்கிற அக்கா. ஒரு தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்துவிட்டால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதற்காகத்தான் அக்கா வருவார். ஐம்பது வயதிருக்கும், சர்ச்சுக்குப் பின்னால் தனியாகக் குடியிருந்தார். உட்கார்ந்தால் குனிந்த தலை நிமிராது. அவரும் எங்களோடு சீரியல் பார்க்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

“பொணத்தையே காட்டிட்டாங்களே அக்கா!” என்றேன்.

“அது எழுதினவங்க காட்டினது. முட்டி வரைக்கும் தண்ணி வந்தா குளிரும். குளிர்ந்தா பசிக்கும். காலைலேர்ந்து அவ ஒண்ணும் துன்னல, நீங்களே பாத்தீங்க இல்ல? பசிச்சவ கரையேறிடுவா.”

இழை வழுக்காமலிருக்கச் சாம்பலில் விரலைத் தொட்டுக்கொண்டு அக்கா அடுத்த இழையை எடுத்தார்.

“கரையேறி?” என்று கேட்டேன்.

இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல ஆரம்பித்தார். ஈரப் புடவையோடு அவள் ரோட்டோரத்து இட்லிக் கடைக்குப் போகிறாள். கடைக்காரம்மா எதுவும் கேட்காமல் நாலு இட்லி வைக்கிறாள். தின்றுவிட்டு, யாரும் சொல்லாமலே இவள் அங்கே கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்க்கிறாள். “நாளைக்கும் வரியா?” என்று கடைக்காரம்மா கேட்கும்போது பாவு பிணைத்து முடிந்துவிட்டது. அக்கா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சீரியலில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பத்து நிமிஷம்கூடப் பார்க்க முடியவில்லை. “இவங்களுக்கு ஒண்ணும் தெரியல,” என்று சொல்லி அண்ணனே போனை அணைத்தார்.

அதற்குப் பிறகு, அடுத்து யார் தறியில் பாவு தீரும் என்பதே எங்கள் பேச்சு. தீர்ந்தால்தானே அக்கா வருவார்? சாயங்காலம் ஐந்தானால் எழுந்துவிடுகிற பக்கத்துத் தறிக்காரி ஆறரை வரை நெய்தாள். எங்கள் முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா கதை சொன்னால் நம் தெருவில் நடப்பதுபோல் இருக்கும். அந்த மாமியார்கூட ஒருநாள் கடைக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் பார்சல் கேட்கிறாள். இவள் அதோடு ஒரு வடையும் வைத்துக் கட்டுகிறாள். அந்த வடை அன்பா குத்தலா என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். அக்கா சொல்லவே இல்லை. இப்படி ஒரு மனுஷி இத்தனை வருஷம் எங்கள் நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்தாரே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

ஒருநாள் அவரோடு நடந்து போகும்போது கேட்டுவிட்டேன். “குளிர்ந்தா பசிக்கும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“எறங்கினவளுக்குத் தெரியும்,” என்றார் சாதாரணமாக. “தெள்ளார் பக்கம் ஒரு ஏரி. எனக்கு இருபத்தாறு வயசு. கரைல ஒரு அம்மா வேர்க்கடலை வேக வெச்சிகினு இருந்தாங்க. வாசனை வந்துச்சு. சாவ வந்தவளுக்குப் பசிக்குதேன்னு ஒரே கூச்சம். ஆனா போய்த் துன்னேன்.”

நான் நின்றுவிட்டேன். ‘வேற இன்னா பண்ணுவா’ என்று அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன்.

“நீ சொன்னதுல தப்பில்லம்மா. அன்னிக்கு எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வேற வழி இருக்கறது மறுநாள்தான் தெரிஞ்சுது.”

கதையை அவர் முடித்தது என் தறியில்தான். புருஷன் கடை வாசலில் வந்து நிற்கிறான். இவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள். அவன் குடிக்கிறான். “அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்குது?” என்று கேட்டுவிட்டு மாவு கரைக்க உள்ளே போய்விடுகிறாள்.

“அவ்ளோதானா?” அண்ணன் தறியை விட்டே எழுந்துவிட்டார். “நாக்கைப் புடுங்கற மாதிரி ரெண்டு கேள்வி கேக்க வாணாமா?”

“அவளுக்கு வேலை இருக்குது,” என்றார் அக்கா.

அவர் போன பிறகும் சாயங்காலம் வரை வாதம் ஓயவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்திருக்கக் கூடாது என்றாள் பக்கத்துத் தறிக்காரி. கொடுத்தது சரி என்றேன் நான். மறுநாள் மதியம் வரை அவள் என்னோடு பேசவில்லை.