பிளக்கைப் பிடுங்கிய பின்

என் மேசை இழுப்பறையில், குழந்தையின் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்று கிடக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக், கைக்கு அடங்கும் பிடி, பக்கவாட்டில் மேலும் கீழும் தள்ளும் சின்னப் பொத்தான். பொத்தானுக்கு மேலே ஒட்டிய பிளாஸ்திரித் துண்டில் நீல மார்க்கரில் ‘புள்ள’ என்று எழுதியிருக்கிறது. கீழே ஒட்டியதில் ‘மிஷின்’. துடைத்துத் துடைத்து எழுத்து மங்கிவிட்டது. அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல, என் பழைய மேனேஜருடையது. என்னோடு ஒரு வாரம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த மனிதர், அந்த வாரத்தின் கடைசியில் எழுதிக் கொடுத்தது.

எடமலைப்பட்டி புதூரில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். ட்ரோனைப் பறக்கவிட்டு வாய்க்காலையும் கரையையும் தோப்பையும் படமெடுத்து, நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாகத் தைத்து வரைபடமாக்கித் தருவது தொழில். தைப்பது என்றுதான் நாங்கள் சொல்வோம். வெளியே போகும் குழு படமெடுத்த இடத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன் காரில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் ஒருமுறை தைத்துப் பார்த்துவிட வேண்டும். நடுவில் எங்காவது படம் விட்டுப்போயிருந்தால் அங்கேயே மறுபடி பறக்கவிடலாம். அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு கண்டுபிடித்தால், மறுநாளும் வையம்பட்டிபோலத் தொலைவிலுள்ள ஊருக்கு வண்டியைக் கட்ட வேண்டியதுதான். திருமணத்துக்கு முன்பிருந்தே தைக்கும் பிரிவில்தான் இருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து மகளின் ஏழாம் மாதத்தில் திரும்பியபோது அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். “கொஞ்ச நாளைக்கு லைட்டான வேலையா பாருங்கம்மா” என்று மேனேஜர் பழைய கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வேலையைக் கொடுத்தார். அக்கறையோடுதான் சொன்னார். அக்கறையை எப்படி மறுப்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு, ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் புது லேப்டாப்புகள் வாங்கும் பேச்சு வந்தது. கடைக்காரர் இரண்டு மாதிரிகளைப் பார்ப்பதற்காகக் கொடுத்திருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். இரண்டிலும் ஒன்றுக்கொன்று போட்டியான நிறுவனங்களின் உயர்ந்த ரக புராசஸர். இரண்டையும் ஒப்பிட்டு நான்கு வரி எழுதிக் கொடுத்தால் தைக்கும் பிரிவுக்கே திரும்பிவிடலாம் என்றார் மேனேஜர். கறுப்பு என்று அவர் ஏற்கெனவே முடிவுசெய்து முதலாளியிடமும் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் சொன்னபடியே ஏசி அறையில், மேசை மேல், பிளக்கில் செருகி ஓட்டினேன். சோதனை மென்பொருளிலும் கறுப்புக்கே அதிக மதிப்பெண். முக்கொம்பு அணையில் எடுத்த படங்களைத் தைப்பதிலும் சாம்பலை முந்தியது. “நம்பர் பொய் சொல்லாதும்மா” என்றார். எதற்கும் அவர் சொல்வது அதைத்தான். ஒரு பக்கத்தில் எழுதி முடித்தேன். ஆனாலும் எனக்குள் ஒன்று அரித்தது. காரில் பிளக் ஏது?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழந்தை பெற்று வந்தவள் எல்லாவற்றையும் சிக்கலாக்குகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். அந்த வியாழக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை வரை மின்தடை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். முழுதாக சார்ஜ் ஏற்றி, மின்சாரம் போனதும் அதே படங்களை இரண்டிலும் ஓடவிட்டேன். சாம்பல், பிளக் இருந்தபோது எடுத்துக்கொண்ட நேரத்திலேயே சத்தமில்லாமல் முடித்தது. கறுப்பின் விசிறி மிக்ஸிபோல இரைந்தது. வேகம் பாதிக்கும் கீழே போயிற்று. தைத்து முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்து அணைந்தது. வேகத்துக்காக மின்சாரத்தை வாரிக் குடிக்கும் புராசஸர் அது. பேட்டரியால் அவ்வளவு தர முடியாது என்பதால் தன்னைத்தானே குறுக்கிக்கொண்டது. நான் ஏதோ அமைப்பைத் தவறாக வைத்துவிட்டேனோ என்று நாலு முறை சரிபார்த்தேன். மடியில் வைத்து வேலை பார்ப்பவருக்கு எவ்வளவு சுடும் என்று பார்க்க, மகளின் காய்ச்சல் கருவியை எடுத்து, பொத்தானைக் கீழே தள்ளி, கறுப்பின் அடிப்பாகத்தில் பிடித்தேன். நூற்றுப் பதினைந்து காட்டியது.

மதியம் மகள் சிணுங்கினாள். நெற்றியில் பிடித்தேன். தொண்ணூற்றேழு. சரி, புழுக்கத்தில் அழுகிறாள் என்று தொட்டிலில் விட்டு மறுபடி லேப்டாப்புக்கு வந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மாமனார் அவளைத் தூக்கியபடி கூடத்துக்கு வந்தார். “ஏம்மா, புள்ளைக்கு உடம்பு இப்படிக் காயுது, பாக்கலையா?”

“பாத்தேன் மாமா. தொண்ணூத்தேழுதான்.”

“மிஷினைக் கீழ வச்சுட்டுக் கையை வச்சுப் பாரும்மா.”

பொத்தான் கீழேயே இருந்தது. பொருள்களின் மேற்சூட்டைக் காட்டும் நிலையில் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் நெற்றியும் சாதாரணமாகத்தான் தெரியும். மேலே தள்ளிப் பார்த்தேன். நூற்று இரண்டு. மாமனார் துணியை நனைத்துவரப் போனார். திட்டியிருந்தால் தேவலை. வெறும் வைரல் காய்ச்சல்தான் என்று மறுநாள் டாக்டர் சொன்ன பிறகும், அந்த ஒரு மணி நேரத்தை என்னால் இன்றுவரை கழித்துப் போட முடியவில்லை.

காய்ச்சல் விட்டபின் ஞாயிற்றுக்கிழமை அதே சோதனையை மறுபடி செய்தேன். விடை மாறவில்லை. திங்களன்று அறிக்கையில் இரண்டாம் பக்கம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். தலைப்பு: பிளக் இல்லாதபோது. மேனேஜர் அதைத் தனியே எடுத்து என் பக்கம் தள்ளினார். “இது வேணாம்மா. மொதல் பக்கம் போதும்.” வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டபோது நடந்ததையெல்லாம் அவரிடம் உளறியிருந்தேன். “புள்ளைக்கு முடியாத நேரத்துல வீட்ல வச்சுப் பாத்தது. காய்ச்சல் மிஷினையே தப்பா வச்சுப் பாத்தேன்னு நீங்கதான் சொன்னீங்க. இதை எப்படி நம்பி முதலாளிகிட்ட குடுக்கறது?”

கண்ணில் நீர் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் செவ்வாய்க்கிழமையே என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது. “ஆமா சார், தப்பா வச்சுத்தான் பாத்தேன். வந்த நம்பரை நம்பினேன். புள்ளகிட்ட நான் பண்ணின அதே தப்பைத்தான் நாம லேப்டாப்புல பண்றோம். நம்பர் பொய் சொல்லாது சார். ஆனா எங்க வச்சுப் பாத்தோம்னும் சொல்லாது. ரெண்டாம் பக்கம் இல்லன்னா மொதல் பக்கத்துல என் பேரை அடிச்சிடுங்க.”

இரண்டாம் பக்கத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு என் இடத்துக்கு வந்தேன். நான்கு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. நானும் கோப்புகளுக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அதிகம் பேசிவிட்டேனோ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை நினைத்தேன். ஆனால் பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலை என் மேசை அருகில் வந்து நின்றார். “முக்கொம்பு போறோம். ரெண்டையும் எடுத்துக்குங்க. அந்தக் காய்ச்சல் மிஷினையும்.”

காரை மரநிழலில் நிறுத்தினோம். மதகுகளின் இரைச்சலையும் மீறிக் கறுப்பின் விசிறி கேட்டது. அதை அவர்தான் மடியில் வைத்திருந்தார். பத்து நிமிடத்தில் நெளிந்தார். “என்னம்மா இது, தொடை வேகுது.”

“ஏசி ரூம்ல மேசை மேல இருந்துச்சு சார்.”

சாம்பல் எப்போதோ முடித்திருந்தது. கறுப்பு பாதிப் படத்தில் அணைந்துபோனதை அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். பிறகு கருவியைக் கையில் வாங்கிப் பொத்தானைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, காரின் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியைக் கிழித்தார். ட்ரோன் படத்தில் தெரிவதற்காகத் தரையில் வைக்கும் குறிப்பலகைகளில் எண் எழுதும் மார்க்கரால் இரண்டு சொற்களை எழுதி ஒட்டி என்னிடம் நீட்டினார். “இனிமே மாறாது.”

நான் சொன்னது சரி என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மேசைகளுக்குக் கறுப்பும் வெளிக்குழுவுக்குச் சாம்பலும் வாங்கினார். அறிக்கை இரண்டு பக்கமாகவே போயிற்று. என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆனது. அதுவும் கேட்டு வாங்கியதுதான். இப்போது அவர் வேறு ஊரில், வேறு வேலையில்.

மகளுக்கு மூன்று வயதாகிறது. நேற்று மாலை உடம்பு லேசாகக் கதகதத்தது. முதலில் கையை வைத்தேன். பிறகு இழுப்பறையைத் திறந்து, மங்கிய எழுத்தைக் கட்டைவிரலால் தடவி, பொத்தான் ‘புள்ள’ பக்கம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இவ்வளவு சந்தேகம் ஆகாது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டுத்தான் அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன்.